கள்ளிப்பூச்சி

குரங்குக்குப் பயந்துதான் நான் கள்ளி வளர்க்கத் தொடங்கினேன். வீடு மேலகரத்தில், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில். மொட்டைமாடியில் நின்றால் மேற்கே திரிகூடமலை கையை நீட்டித் தொட்டுவிடலாம்போல் நிற்கும். ஆனி, ஆடிச் சாரலில் ஜனமெல்லாம் அருவிக்கு ஓடும். அருவி வற்றி, கடைகள் பாதி அடைபட்டு, பழத்தோல் வீசக்கூட ஆள் இல்லாத மாசி, பங்குனியில் அங்குள்ள குரங்குகள் எங்கள் தெருவுக்கு இறங்கி வரும். ரோஜா மொக்கைக் கிள்ளும், செம்பருத்தித் துளிரைத் தின்னும். துளிர் இல்லையென்றால் கோபத்தில் தொட்டியைப் புரட்டிவிட்டுப் போகும். இதே மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் குரங்குகளை அவ்வளவு செல்லமாகப் பாடியிருக்கிறார். அவர் வீட்டில் பூந்தொட்டி இருந்திருக்காது என்பது என் கட்சி.

மூன்றாவது முறையாக ரோஜாவைப் பறிகொடுத்த வருஷத்தில், சீசன் ரோட்டோரம் ரம்புட்டானுக்கும் மங்குஸ்தானுக்கும் பக்கத்தில் செடி விற்கும் ஒருவர், “முள்ளு வைங்க சார், குரங்கு கிட்ட வராது” என்றார். பதினோரு தொட்டி வாங்கினேன். அதில் ஒன்று, பச்சைத் தண்டின் உச்சியில் செக்கச்செவேலென்று உருண்டை உட்கார்ந்திருக்கும் ஒட்டுக் கள்ளி. அந்தச் சிவப்பு உருண்டைக்குப் பச்சையமே கிடையாது. தனியாக மண்ணில் வைத்தால் பட்டினி கிடந்து செத்துவிடும். அடியில் இருக்கும் தண்டு, இப்போது எல்லாரும் பயிரிடும் டிராகன் பழக் கொடியின் இனம். அதுதான் சமைத்துப் போடுகிறது, இது உட்கார்ந்து சாப்பிடுகிறது. பார்க்க அழகு.

குரங்கு உண்மையிலேயே கிட்ட வரவில்லை. ஒருமுறை ஒரு குட்டி தொட்டுப் பார்த்துவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டு ஓடியதை நானே கண்டேன்.

வெற்றி ஒரு கோடைகூட நீடிக்கவில்லை. பங்குனி வெயிலில் ஒருநாள், ஒட்டுப் போட்ட இடத்தில், தண்டுக்கும் உருண்டைக்கும் நடுவேயுள்ள பள்ளத்தில், பஞ்சு ஒட்டியிருப்பதாக நினைத்து ஊதினேன். போகவில்லை. பல் குத்தும் குச்சியால் நெம்பினேன். பஞ்சு பிரிந்து, உள்ளே இளஞ்சிவப்பாக, நீள்வட்டமாக, அரை உளுந்தம்பருப்பு அளவில் ஒன்று இருந்தது. உடம்பு முழுக்க மாவு தூவியதுபோல். ஓரமெங்கும் மெழுகில் செய்த குட்டிக் குட்டிக் கால்கள் மாதிரி வெள்ளை இழைகள். உண்மையான கால் ஆறும் அடியில் ஒளிந்திருந்தது. குச்சியால் திருப்பிப் போட்டதும் அந்த ஆறும், கூட்டத்தில் செருப்பைத் தேடுகிறவரின் கால்போல நிதானமாகத் துழாவின. ஓடவேண்டும் என்ற பதற்றமே இல்லை. வாயை ஊசியாகச் செடிக்குள் இறக்கிவிட்டு, பிறந்த இடத்திலேயே குடித்தபடி இருந்து, பஞ்சுப் பொதிக்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிட்டுச் சாகிற ஜீவனுக்கு எதற்கு ஓட்டம்.

ஒரு பூச்சியைக் காகிதத்தில் மடித்துத் தென்காசியில் உரக்கடைக்கு எடுத்துப்போனேன். கடையில் இருந்த பையன் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. “கள்ளிப்பூச்சி, அண்ணாச்சி.”

“கள்ளியில இருக்குன்னு நான் சொல்லவே இல்லையே?”

“கொய்யாவுல வந்தாலும் கள்ளிப்பூச்சிதான், பப்பாளில வந்தாலும் கள்ளிப்பூச்சிதான். அதுக்குப் பேரே அதாம்லா.”

உண்மைதான். புத்தகம் மாவுப்பூச்சி என்கிறது. விவசாயத் துறையின் துண்டறிக்கைகளில்கூட மாவுப்பூச்சி ஓரிடத்திலும் கள்ளிப்பூச்சி ஓரிடத்திலுமாக வரும். கொய்யாவில் வருவதற்கும் பப்பாளியில் வருவதற்கும் கள்ளியின் பெயர் ஏன்? அந்தப் பெயரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மருந்தையும் சேர்த்துத்தான் கட்டிக் கொடுத்தான். அந்தக் கதை பின்னால்.

எங்கள் ஆச்சிக்கு ஆலங்குளம் பக்கம் ஒரு வானம்பார்த்த கிராமம். நான் பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில் சொல்வாள்: “அப்பம்லாம் வேலி பூரா நாகதாளிதான். ஆளு நுழைய முடியாது, நரி நுழைய முடியாது. வெள்ளக்காரன் ஒரு பூச்சியக் கொண்டாந்து வுட்டான்லா. நாகதாளி பூரா வெள்ள வெள்ளயாப் பூத்துச்சு பாத்துக்கோ. பூவுன்னு நெனச்சோம். மூணு வருசத்துல வேலியக் காணும்.” அந்தப் பூச்சியைப் பிடித்து நசுக்கினால் கையெல்லாம் குங்குமமாகுமாம். பிள்ளைகள் ஒருவர் நெற்றியில் ஒருவர் பொட்டு வைத்து விளையாடினார்களாம். ஆச்சி கதைகளில் பாதி கதைதான் என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மிகையில்லை.

நாகதாளி என்கிற சப்பாத்திக்கள்ளி நம் ஊர்ச் செடியே அல்ல. சங்கப் பாட்டில் சுடுகாட்டோரம் நிற்கிற கள்ளி வேறு, இது வேறு. கீறினால் பால் வந்தால் அது நம்முடையது: சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி. பால் வராவிட்டால் கப்பலேறி வந்தது. கள்ளிக் குடும்பம் என்று தாவரவியலார் சொல்லும் அந்தக் குடும்பம் மொத்தமும் அமெரிக்கக் கண்டங்களுடையது. மரத்தில் தொற்றித் தொங்கும் ஒரே ஒரு இனம் மட்டும் எப்படியோ ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் தானாகவே வளர்கிறது. மற்றபடி நம் கண்ணில் படும் பால் வராத கள்ளி எல்லாமே வரத்து. நம் சொல்லின் தாராளம், வந்ததையும் கள்ளி என்றே கூப்பிட்டுத் திண்ணையில் இடம் கொடுத்துவிட்டது.

வந்த கதைக்குள் ஒரு சாயக் கதை இருக்கிறது. மெக்சிகோவில் சப்பாத்திக்கள்ளியின்மேல் வளரும் ஒரு பூச்சியைக் காயவைத்துப் பொடித்தால் வரும் சிவப்புக்கு ஐரோப்பாவில் பொன் விலை. வியாபாரம் முழுவதும் ஸ்பெயின் கையில். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் 1786இல் இங்கே புல்லில் ஒரு பூச்சியைக் கண்டுவிட்டு, இதுதான் அது என்று லண்டனில் இருந்த தாவரவியலார் ஜோசப் பாங்க்ஸுக்குக் கடிதமாக எழுதித் தள்ளினார். அது அதுவல்ல. ஆனாலும் மனுஷர் விடவில்லை. சைதாப்பேட்டையில் கள்ளிக்கென்றே தோட்டம் போட்டார், லண்டன் கியூ தோட்டத்திலிருந்து கள்ளி தருவித்தார். செடி தயார், பூச்சி இல்லை. இன்று மாடித்தோட்டக்காரர்கள் எல்லாருக்கும் இருக்கிற கவலையின் நேர் எதிர்க் கவலை. கள்ளியை வைத்துக்கொண்டு, பூச்சி வரமாட்டேன் என்கிறதே என்று ஒருவர் வருஷக்கணக்கில் ஏங்கியிருக்கிறார்.

1795இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவிலிருந்து கொஞ்சம் பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். வந்தது மெக்சிகோவின் உயர்ந்த ஜாதி அல்ல, தென் அமெரிக்கக் காட்டு இனம். சாயம் தேறவில்லை. ஆனால் பூச்சி தேறியது. வட இந்தியாவில் அதற்கு முன்பே பரவியிருந்த ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியை அது தின்று தீர்த்தது. கஜானாவுக்கு ஆகாத பூச்சி, காட்டை வெட்டுகிற கூலி வேலைக்கு ஆகும் என்று யாருக்கோ பொறி தட்டியிருக்க வேண்டும். 1836க்கும் 1838க்கும் இடையில் அதை வேண்டுமென்றே தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். 1865 வாக்கில் இங்கிருந்து இலங்கைக்கும் போனது. ஒரு களையைப் பூச்சியை ஏவி அடக்குவது என்ற வித்தையின் வரலாற்றை உலகில் யார் எழுதினாலும் முதல் பத்தியில் நம் ஊர்தான் வரும். அந்தப் பூச்சிக்குப் பிற்பாடு விஞ்ஞானப் பெயர் வைத்தபோது இலங்கையில் கண்டதால் ‘சிலோனிகஸ்’ என்று சேர்த்துவிட்டார்கள். பிறந்தது ஒரு கண்டம், பெயரில் ஒரு தீவு, வேலை பார்த்தது தமிழ்நாட்டில்.

ஆச்சி பார்த்தது இதையல்ல, அடுத்த அத்தியாயத்தை. முதல் பூச்சிக்கு வாய் ஒன்றுதான், ருசியும் ஒன்றுதான். தனக்கான இனம் தவிர வேறு சப்பாத்திக்கள்ளியைத் தொடாது. அது விட்டுவைத்த நாகதாளி, காலி இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டு தென்மாவட்டக் கரிசலிலும் செம்மண்ணிலும் கோட்டை கட்டியது. தாது வருஷப் பஞ்சத்தில் நாகதாளிப் பழம்தான் சோறு என்று ஆச்சி அவளுடைய ஆச்சி சொல்லக் கேட்டவள். பழத்தைத் துணியிலும் மண்ணிலும் உருட்டிப் பூமுள்ளைப் போக்கி, நடுவில் ஒளிந்திருக்கும் முள்ளை எடுத்துவிட்டுத் தின்ன வேண்டும். எடுக்கத் தெரியாதவன் தொண்டை சொல்லும். பஞ்சத்தில் பழம், பஞ்சம் தீர்ந்தால் களை. 1926இல் இலங்கை வழியாக இரண்டாவது பூச்சி வந்தது, நாகதாளியைத் தின்னும் இனம். ஐந்தாறு வருஷத்தில் தென்னிந்தியாவில் சுமார் 40,000 எக்டேர் நிலம் கள்ளி நீங்கியது என்பது பூச்சியியல் நூல்களின் கணக்கு. அதே பத்தாண்டில் ஆஸ்திரேலியாவில் அர்ஜென்டினாவிலிருந்து ஒரு அந்துப்பூச்சியைத் தருவித்துக் கள்ளியை ஒழித்தார்கள். நன்றி மறவாமல் பூனார்கா என்ற ஊரில் அந்தப் பூச்சியின் பெயரால் ஒரு மண்டபமே கட்டினார்கள். நாம் மண்டபம் கட்டவில்லை. ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டோம்.

இது என் ஊகம்தான்: ஊரே பார்க்க வேலியெல்லாம் வெள்ளையாகப் பூத்த அந்த வருஷங்களுக்குப் பிறகு, செடியில் வெள்ளைப் பஞ்சாக எது ஒட்டியிருந்தாலும் அது கள்ளிப்பூச்சி ஆகியிருக்க வேண்டும். உரக்கடைப் பையன் சொன்னது தாவரவியல் அல்ல, ஊர் ஞாபகம். நாகதாளி போன இடத்தில் வேலிக்கு என்ன வந்தது என்பது தனிக் கதை. அதற்கு எங்கள் பக்கம் வேலிகாத்தான் என்று பெயர், சீமைக் கருவேலம் என்றும் சொல்வார்கள். அதை ஒழிக்க இன்னும் எந்தப் பூச்சியும் வரவில்லை, ஜேசிபிதான் வருகிறது.

ஆலங்குளம் பக்கம் போனபோது சாலையோரக் கல்மேட்டில் தப்பிப் பிழைத்து நின்ற நாகதாளியில் ஒரு மடலை முறித்து வந்து பன்னிரண்டாவது தொட்டியாக வைத்தேன். கூடவே அதன் பூச்சியும் வந்தது. ஒட்டுக் கள்ளியில் இருந்த மாவுப்பூச்சியையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தூரத்துச் சொந்தம் என்று தெரியும். முகஜாடை ஒன்று, வீடு வேறு. நகத்தால் நசுக்கினேன். மாவுப்பூச்சி நீர்த்த மஞ்சளாக ஒழுகியது. இது ரத்தச் சிவப்பு. கழுவியும் நகக்கண்ணில் இரண்டு நாள் நின்றது. ஆச்சியின் பொட்டு.

அதன்பிறகு எனக்கு ஒரு சங்கடம். நாகதாளியில் இருப்பதைக் கொல்வதா, விடுவதா? அரசாங்கம் இலங்கையிலிருந்து வரவழைத்து விட்ட பூச்சி அது. சட்டப்படி பார்த்தால் அது ஊழியர், நான்தான் ஒழிக்கப்பட வேண்டிய களையைத் தொட்டியில் வைத்து மருந்தடிக்கிற குற்றவாளி. ‘பூச்சித் தாக்குதல்’ என்று எழுதும்போது நாம் செடியின் பக்கம் நின்று எழுதுகிறோம் என்பதையே மறந்துவிடுகிறோம். 1926இல் இதே தாக்குதலுக்குப் பெயர் நிவாரணம்.

சங்கடம் இருந்தாலும் மற்றப் பதினோரு தொட்டியிலும் கொலைதான் செய்தேன். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு பூச்சியாகத் தொடுவது. மெழுகு கரைந்து, வெள்ளை போய், உடம்பு பழுப்பாகிச் சுருங்கும். மெழுகு இருக்கும்வரை தண்ணீர்கூட ஒட்டாத உடம்பு அது. எந்த மருந்தும் மேலே உருண்டு ஓடிவிடும். கூடவே கொஞ்சம் சோப்பு சேர்க்கச் சொல்வது இதற்குத்தான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைய ஒரு துளி காதி சோப்பு. இதை நான் முதல் தடவை நண்பகலில் அடித்தேன். எண்ணெய் பூசிய உடம்போடு பங்குனி வெயிலில் நிற்கிற யாருக்கும் நடப்பதுதான் கள்ளிக்கும் நடந்தது. தெற்கு பார்த்த பக்கமெல்லாம் தோல் வெந்து பழுப்பாகத் தழும்பு ஏறியது. சாம்பல் பூத்தாற்போல் இருந்த கள்ளிகளில் அந்தப் பூச்சும் போய் அசட்டுப் பச்சையாக நின்றன. அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது, கள்ளிக்கு மறதி கிடையாது. இப்போது அந்தி சாய்ந்தபிறகுதான் எண்ணெய்ப் புட்டியைத் தொடுகிறேன்.

மேலே இருந்ததெல்லாம் போனபிறகும் ஒரு கள்ளி மட்டும் சுருங்கிக்கொண்டே வந்தது. தண்ணீர் போதவில்லை என்று ஊற்றினேன், மேலும் சுருங்கியது. கடைசியில் தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். மண் அச்சு அப்படியே கழன்று வந்தது. மண்ணுக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவே, வேரோடு வேராக, விபூதி அப்பினாற்போல் வெள்ளை. வேரில் குடியிருக்கும் மாவுப்பூச்சி. மாடியில் இத்தனை நாளாக நான் சண்டை போட்டது கூரைமேல் தெரிந்தவர்களோடு, நிலவறையில் ஒரு ஊரே இருந்திருக்கிறது. வேரை நன்றாகக் கழுவி, பழசை வெட்டிவிட்டு, ஒரு வாரம் நிழலில் வெறுமனே போட்டுவைத்தேன். கள்ளியின் பெருமை இதுதான்: ஒரு வாரம் மண்ணில்லாமல் கிடந்தால் அது செத்துவிடாது, அதன் பூச்சி செத்துவிடும். பிறகு ஆற்றுமணல், செங்கல் பொடி, கொஞ்சம் மக்கிய எரு கலந்து புதுத் தொட்டி. பழைய மண்ணை மாடித்தரையில் பரப்பி சித்திரை வெயிலிடம் ஒப்படைத்தேன்.

எறும்பைப் பற்றிச் சொல்லவில்லை. மாவுப்பூச்சி சாற்றைக் குடித்துத் தேவைக்கு மேலான சர்க்கரையைத் தேன்துளியாகப் பின்னால் விடும். அதைக் குடிக்க வருகிற பிள்ளையார் எறும்பு, மாட்டுக்காரன் மாட்டைப் பார்ப்பதுபோல் பூச்சியைப் பார்த்துக்கொள்கிறது. குஞ்சுகளை ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்குத் தூக்கிப் போவதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எதிரி வந்தால் விரட்டுகிறது. எறும்பு ஏறுகிற வழியை அடைக்காமல் பூச்சியைக் கொல்வது, குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற வேலை. ஆச்சி பலகாரம் வைக்கும் மேசையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தி வைப்பாள். அதே யோசனையில் தொட்டிகளைப் பழைய பெஞ்சில் ஏற்றி, நாலு காலுக்கும் கிண்ணம் வைத்தேன். பத்தாம் நாள் கொசுப்புழு பார்க்க வந்த பெண் கிண்ணத்துக்குள் டார்ச் அடித்து, “இதென்ன சார், டெங்குவுக்குத் தொட்டில் கட்டிருக்கீங்க?” என்று கேட்டுவிட்டு நாலையும் கவிழ்த்துப் போட்டார். அவர் சொன்னது நியாயம். இப்போது காலில் விளக்கெண்ணெய் தோய்த்த துணி.

உரக்கடையில் கட்டிக் கொடுத்த மருந்தை இதற்கெல்லாம் முன்பே உபயோகித்துவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பருத்திக்காட்டுக்கு அளவு போட்ட மருந்து அது, பதினோரு தொட்டிக்கு எத்தனை சொட்டு என்று சீட்டில் இல்லை. கைக்கு வந்ததை ஊற்றினேன். ஒரு வாரம் மாடியே துடைத்துவிட்டாற்போல் இருந்தது. பூச்சி இல்லை, எறும்பு இல்லை, தட்டான் இல்லை, மூலையில் வலை கட்டியிருந்த சிலந்தியும் இல்லை. மூன்றாம் வாரம் மாவுப்பூச்சி மட்டும் திரும்பி வந்தது. பஞ்சுப் பொதிக்குள் இருந்த முட்டைக்கு மருந்து எட்டியிருக்காது. அதைத் தின்ன இருந்தவர்கள்தான் செத்திருந்தார்கள். ஆளில்லாத ஊரில் அது முன்னைவிடக் கொழித்தது.

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. அடுத்த ஐப்பசியில், நீண்ட வெள்ளை இழைகளோடு, மற்றவற்றைவிட மூன்று மடங்கு பெரிசாக, ஏழெட்டு மாவுப்பூச்சிகளைக் கண்டேன். ராட்சச ஜாதி என்று நினைத்து, ஸ்பிரிட்டில் தோய்த்த குச்சியால் ஒவ்வொன்றாகக் குத்தினேன். அவை ஓடின. ஓடுவதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. மாவுப்பூச்சி ஓடாது என்று எனக்கே தெரியும். கடைசி ஒன்றைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தபோது, அது தன் வாயால் ஒரு நிஜ மாவுப்பூச்சியைக் கவ்விக்கொண்டிருந்தது. அது பொறிவண்டின் புழு. ஆஸ்திரேலியப் பொறிவண்டு, கிரிப்டோலேமஸ். 1898இல் காப்பித் தோட்டங்களில் செதில்பூச்சியை அடக்க என்று கொண்டுவரப்பட்டது. அதற்கு வந்தவர் அந்த வேலையைவிட மாவுப்பூச்சி வேலையில்தான் பெயரெடுத்தார். இரையைப் போலவே உடம்பில் மெழுகுப் பஞ்சை வளர்த்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து தின்னும், எறும்புக்கும் சந்தேகம் வராது. எறும்பையே ஏமாற்றும் வேஷம் என்னை ஏமாற்றியதில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்த வேஷம் எறும்பிடமிருந்துதான் அதைக் காப்பாற்றியது. என்னிடம் அதுவே கொன்றது.

பப்பாளிக் கதை பலருக்கு நினைவிருக்கும். 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் தலைகாட்டிய ஒரு மெக்சிகோ மாவுப்பூச்சி, இரண்டே வருஷத்தில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. பட்டுப்புழு வளர்த்தவர்கள் இலை கிடைக்காமல் கையைப் பிசைந்தார்கள். அடித்த மருந்தெல்லாம் பஞ்சில் பட்டு உருண்டது. 2010இல் பெங்களூரில் இருக்கும் பூச்சி ஆய்வு நிறுவனம் போர்ட்டோ ரீக்கோவிலிருந்து மூன்றுவகைக் குளவிகளைத் தருவித்தது. குளவி என்றால் கொட்டுகிற குளவி அல்ல, மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிற தூசு. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் மற்றவர்களும் அதைப் பெருக்கி ஊர் ஊராக விட்டார்கள். சில மாதங்களில் பப்பாளி மீண்டது. அந்தச் சமயம் எங்கள் வீட்டுப் பின்னால் நின்ற பப்பாளியின் இலையைத் திருப்பிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது: மாவுப்பூச்சிகள் ஊதிப் பழுப்பேறி, வடகம்போல் மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஊசியால் குத்தியதுபோல் வட்டமாக ஒரு துளை, குளவி வெளியே போன வாசல். அன்றைக்கு அந்தத் துளையின் அர்த்தம் எனக்குத் தெரியாது.

குற்றாலத்துக் காட்டில் மாவுப்பூச்சி இல்லையா என்று ஒருநாள் செண்பகாதேவி அருவிக்குப் போகும் பாதையில் தேடிப் பார்த்தேன். இருக்கிறது. ஒரு கொடியில் நாலு, ஒரு கிளைக் கவட்டில் இரண்டு. நாலு நாலாகவே இருக்கிறது, நாற்பதாவதில்லை. சுற்றிலும் அதைத் தின்ன வாய்கள் இருக்கின்றன. 1830களில் பாளையங்கோட்டையிலிருந்து குற்றாலத்துக்கு வந்து தாவரவியலார் ராபர்ட் வைட் செடிகளைச் சேகரித்தார். அவருக்காகப் படம் வரைந்தவர்களில் ரங்கையாவின் பெயரால் ஒரு தாவரப் பேரினமே உண்டு, ருங்கியா. அந்தப் படங்களில் செடிமேல் பூச்சியே இருக்காது. அறிவியல் படத்துக்கு அப்படித்தான் வரையவேண்டும். எனக்கென்னவோ தொட்டிச்செடி வளர்க்கிற நாம் எல்லாரும் அந்தப் படத்தைத்தான் மாடியில் நிறுத்திவைக்கப் பார்க்கிறோம் என்று தோன்றும். ஒரு செடியை அதன் ஊரிலிருந்து பிரித்து, அரைக்கூடை மண்ணில் வைத்து, நாலாபுறமும் சிமெண்டுத் தரை போட்டுவிட்டால், அங்கே வந்துசேர வழி தெரிந்தது பூச்சிக்குத்தான். பூச்சியைத் தின்கிறவர்களுக்கு வழி தெரிய இன்னும் நாளாகும். அதுவரை பொறுக்க நமக்கு முடியவில்லை.

பொறுத்ததில் கிடைத்த ஒரு சின்ன லாபத்தையும் சொல்லலாம். பக்கத்து வீட்டுத் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தது. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் கண்டது, இப்போது எங்கும். அது சிந்திய தேன்துளி என் குரோட்டன்ஸ் இலைகளில் சொட்டி, மேலே கரும்பூசணம் படிந்து, அடுப்பங்கரைச் சுவராக ஆகிவிட்டது. மருந்து வேண்டாம், கஞ்சி அடியுங்கள் என்றார் ஒரு தென்னை விவசாயி. வடித்த கஞ்சியை நீர்க்க விளாவித் தெளித்தேன். மதிய வெயிலில் காய்ந்ததும் கஞ்சி அப்பளமாகச் சுருண்டு, கரியையும் உரித்துக்கொண்டு கீழே விழுந்தது. அடியில் இலை, மஞ்சளும் சிவப்புமாகப் புத்தம் புதிது. சட்டைக்குக் கஞ்சி போட்ட வீட்டில் வளர்ந்தவனுக்கு இது தோன்றாமல் போனதே என்றிருந்தது. வெள்ளை ஈயை அடக்கவும் ஒரு குட்டிக் குளவி உண்டு. அதை யாரும் தருவிக்கவில்லை, ஈயைத் தேடி அதுவாகவே வந்துசேர்ந்தது.

சாரல் தொடங்கினால் கள்ளிக்காரனின் கவலை திசை மாறும். செங்கோட்டைக் கணவாய் வழியாக மலையாளக்கரைக் காற்று, தண்ணீரைத் தூளாக்கித் தென்காசிமேல் வீசும். வெயிலும் தூறலும் ஒரே நேரத்தில். உடம்புக்கு அமிர்தம், கள்ளிக்கு அழுகல். மாவுப்பூச்சியைக் காற்றே அடித்துத் தள்ளிவிடும். அதன் இடத்துக்கு நத்தையும் பூசணமும் வரும். தொட்டிகளை ஓட்டுச் சாய்ப்புக்குள் நகர்த்திவிட்டு, தண்ணீர்க் குவளையை ஆவணிவரை ஒளித்துவைப்பதுதான் ஒரே வைத்தியம். என் மனைவி இந்த மூன்று மாதமும் நான் நல்ல தோட்டக்காரன் என்கிறாள், ஏனென்றால் எதுவும் செய்வதில்லை.

போன கார்த்திகையில் நாகதாளித் தொட்டிக்குப் பக்கத்துக் கள்ளியில் மறுபடி வெள்ளை தெரிந்தது. குச்சியும் ஸ்பிரிட்டுமாகப் போய், இந்த முறை முதலில் கண்ணாடியை எடுத்தேன். கூட்டத்துக்குள் ஒன்று மட்டும் தட்டையாக, மேலே மாவை அள்ளிப் போர்த்திக்கொண்டு, மெல்ல ஊர்ந்து ஊர்ந்து தின்றபடி இருந்தது. பொறிவண்டுப் புழுவின் இழைகள் இதற்கு இல்லை. வைத்துவிட்டு வந்தேன். பத்து நாளைக்குள் வெள்ளை பாதியாகக் குறைந்திருந்தது. தொட்டியின் விளிம்பில் மிளகு அளவில் பழுப்பும் வெளுப்புமாக எதுவோ ஒட்டியிருந்தது. ஒரு வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு. புழுப் பருவத்தில் இலை தின்னாமல் மாவுப்பூச்சி தின்கிற அபூர்வ இனம். ஆங்கிலத்தில் இதற்கு ஏப்ஃப்ளை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஏன் அந்தப் பெயர் என்று கண்ணாடியைக் கிட்டக் கொண்டுபோனதும் தெரிந்தது. இரண்டு கருங்கண், அமுங்கிய மூக்கு, வெளுத்த கன்னம், நெற்றி. மிளகளவு முகம். அச்சு அசல் குரங்கு.